நரம்பு வளர்ச்சிக் காரணிகளும் நரம்பு நோய்களும்

நரம்பு வளர்ச்சிக் காரணிகள் என்பவை நரம்பணுக்கள் உயிர்வாழவும், கிளைவிட்டு வளரவும், வளர்ந்த பின் தம் வேலையைக் குறைவின்றிச் செய்யவும் தேவைப்படும் புரதங்கள் ஆகும். இவற்றுள் முதலில் கண்டறியப்பட்ட புரதத்துக்கு 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்பதே தனிப்பெயராக நிலைத்துவிட்டது. ஆங்கில முதலெழுத்துகளால் அது என்.ஜி.எஃப். எனப்படுகிறது. பி.டி.என்.எஃப்., நியூரோட்ரோபின்-3, நியூரோட்ரோபின்-4 ஆகியவை அதன் நெருங்கிய உறவுகள். ஜி.டி.என்.எஃப். என்பது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே.

ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், இயக்க நரம்பணு நோய், தொழுநோய், நீரிழிவினால் வரும் நரம்புச் சிதைவு ஆகியவற்றில் இக்காரணிகளின் பங்கு ஆராயப்பட்டுள்ளது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கடைசி இரண்டும் முதன்மையானவை. சென்னையில் நீரிழிவு உள்ளவர்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், அவர்களில் 26.1 விழுக்காட்டினருக்குக் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. மேற்கு மாம்பலத்தில் காசி விஸ்வநாதர் கோயில், கோதண்டராமர் கோயில் போன்ற இடங்களுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்களில் வயதானவர்கள் மிகுதி. சித்திரை வெயிலில் சூடேறிய கல்தரை மற்றவர்களை ஓட வைக்கும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர் நிதானமாகப் பிரகாரத்தைச் சுற்றி முடிப்பார். உள்ளங்காலில் கொப்புளம் இருப்பதை வீட்டுக்கு வந்து யாராவது சொன்ன பிறகுதான் அறிவார். சூடு என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் என்.ஜி.எஃப். புரதத்தை நம்பி இருப்பவை.

கண்டுபிடிப்பு

இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி (1909–2012) மருத்துவம் படித்தவர். 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகப் பணிகளிலிருந்து விலக்கின. யூதரான அவர் தம் படுக்கையறையிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, கோழி முட்டைகளின் கருக்களைக் கொண்டு நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். வளரும் இறக்கை மொட்டை வெட்டி நீக்கினால், அங்கே சென்று சேரவேண்டிய நரம்பணுக்கள் என்ன ஆகின்றன என்பதே அவர் கேள்வி. அவை பிறக்காமல் போவதில்லை. பிறந்து, வளர்ந்து, பிறகு மடிகின்றன என்று அவர் கண்டார். இலக்கில் இருந்து ஏதோ ஒன்று கிடைக்காததால் அவை மடிகின்றன என்ற எண்ணத்துக்கு இதுவே வித்து.

1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் விக்டர் ஹாம்பர்கரின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் ஒட்டினால் நரம்பிழைகள் அதை நோக்கி அளவுக்கு மீறி வளர்வதை எல்மர் பூக்கர் என்ற ஆய்வாளர் ஏற்கெனவே கவனித்திருந்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்று லெவி-மொந்தால்சினி ஊகித்தார். இதைச் சோதிக்க, கட்டியுள்ள எலிகளை உடன் எடுத்துக்கொண்டு 1952இல் விமானத்தில் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கிருந்த திசு வளர்ப்புக் கூடத்தில், கண்ணாடித் தட்டில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி ஒரே நாளில் சூரியக் கதிர்போல இழைகள் கிளம்பின. இந்தக் கதிர்வட்டமே பல ஆண்டுகளுக்கு அப்பொருளை அளக்கும் முறையாகவும் இருந்தது.

பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை 1953இல் வந்து சேர்ந்த வேதியியலாளர் ஸ்டான்லி கோகனுடையது. அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று அறிய, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி கொண்ட பாம்பு நஞ்சைச் சிறிது சேர்த்துப் பார்த்தார். விளைவு எதிர்பாராதது. நஞ்சு கலந்த தட்டில் நரம்பிழைகள் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தன. கட்டியில் இருந்ததைவிட நஞ்சிலேயே அக்காரணி பன்மடங்கு மிகுந்திருந்தது. பாம்பின் நஞ்சுப்பை என்பது மாற்றமடைந்த உமிழ்நீர்ச் சுரப்பிதான் என்ற எண்ணத்தில் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தபோது அங்கும் அது நிறைந்திருந்தது. அதற்குப் பின் ஆய்வுக்குரிய என்.ஜி.எஃப். பெரும்பாலும் ஆண் எலிகளின் தாடைக்கீழ்ச் சுரப்பியிலிருந்தே எடுக்கப்பட்டது.

இந்திய நல்லபாம்பின் நஞ்சிலும் இந்தப் புரதம் உண்டு. 1970களில் அது பிரித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, எலியின் புரதத்தை வெகுவாக ஒத்திருந்தது தெரிந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நஞ்சு முறிவு மருந்துக்காக எடுத்துத் தரும் நஞ்சில், மூச்சை நிறுத்தும் நச்சுப் புரதங்களோடு நரம்பை வளர்க்கும் இந்தப் புரதமும் கலந்தே இருக்கிறது. கடிபட்டவருக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1986இல் கோகனுக்கும் லெவி-மொந்தால்சினிக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹாம்பர்கர் விடுபட்டது அறிவியலாளர்களிடையே நெடுநாள் மனத்தாங்கலாக இருந்தது. அவருடைய பணியிலிருந்துதான் இந்தக் கேள்வியே தொடங்கியது என்பதால் அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு.

செயல்படும் விதம்

கருவில் தேவையைவிட மிகுதியான நரம்பணுக்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் இழையை நீட்டித் தோல், தசை, சுரப்பி என ஏதோ ஓர் இலக்கைத் தேடிச் செல்கிறது. இலக்குத் திசு மிகச் சிறிதளவே வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அது கிடைத்த அணு பிழைக்கிறது, கிடைக்காதது மடிகிறது. உடலின் அளவுக்கும் நரம்புகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தம் ஏற்படுவது இவ்வாறுதான். பிறந்த எலிக்குட்டிகளுக்கு என்.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் எதிர்ப்புரதம் செலுத்தப்பட்டபோது, அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. 1960இல் வெளியான இந்தச் சோதனை ஐயத்துக்கு இடமின்றி இதை நிறுவியது.

வளர்ந்த மனிதரில் நிலைமை சற்று வேறு. உணர்வு நரம்பணுக்கள் அப்போது உயிர்வாழ்வதற்கு என்.ஜி.எஃப். புரதத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆனால் வலி, சூடு ஆகியவற்றை உணரும் நுண்ணிழைகள் கூர்மையோடு இருப்பதற்கும், வலிச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்களை உண்டாக்குவதற்கும் அது தொடர்ந்து வேண்டும். தோலில் சுரக்கும் காரணியை நரம்பு முனையிலுள்ள 'டிரக்-ஏ' என்ற ஏற்பி பிடித்துக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பையில் அடைக்கப்பட்டு, இழை வழியே அணுவின் உடல் வரை இழுத்துச் செல்லப்படுகின்றன. கால் பெருவிரலின் உணர்வு நரம்பணுவுக்கு உடல் இருப்பது இடுப்புக்கு அருகே, முதுகெலும்பை ஒட்டி. இடைவெளி ஏறத்தாழ ஒரு மீட்டர். உடலிலேயே மிக நீண்ட இந்தச் சரக்குப் பாதையில் எங்கே தடை ஏற்பட்டாலும் முதலில் வாடுவது கடைக்கோடி முனைதான். நீரிழிவில் மரப்பு எப்போதும் விரல் நுனிகளில் தொடங்கிக் காலுறை போட்டதுபோல மேலேறுவதற்கு இந்த நீளமும் ஒரு காரணம்.

பி75 என்ற இன்னொரு ஏற்பியும் உண்டு. என்.ஜி.எஃப். முதலில் நீண்ட முன்வடிவமாக உருவாகிப் பின்னர் வெட்டப்பட்டு முதிர்கிறது. வெட்டப்படாத முன்வடிவம் பி75 ஏற்பியைச் சேர்ந்தால் நரம்பணு மடிவதற்கான ஆணை பிறக்கிறது. ஒரே புரதம் ஒரு வடிவில் வளர்க்கவும் இன்னொரு வடிவில் கொல்லவும் செய்கிறது என்பதால், அளவைக் கூட்டினால் போதும் என்ற எளிய கணக்கு இங்கே எடுபடாது.

பிறவியிலேயே இல்லாதபோது

டிரக்-ஏ ஏற்பியின் மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரியாது, வியர்வையும் வராது. இதன் மரபணுக் காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் கண்டறிந்தனர். பல் முளைத்ததும் குழந்தை தன் நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்ளும். எலும்பு முறிந்தாலும் அழாது. வியர்வை இல்லாததால் கோடையில் காரணம் தெரியாத காய்ச்சல் வரும். பலருக்கு அறிவு வளர்ச்சியும் குன்றியிருக்கும். 2004இல் வட சுவீடன் குடும்பம் ஒன்றில் என்.ஜி.எஃப். மரபணுவிலேயே மாற்றம் கண்டறியப்பட்டது. அவர்களுக்கு அறிவும் வியர்வையும் இயல்பாக இருந்தன. ஆழ்ந்த வலி மட்டும் இல்லை. அதனால் முழங்கால், கணுக்கால் மூட்டுகள் இளமையிலேயே தேய்ந்து அழிந்தன. வலியின்மை வரமாகத் தோன்றலாம். மூட்டுக்கு எப்போது ஓய்வு தரவேண்டும் என்று உடலுக்குச் சொல்வது வலியே என்பதை இக்குடும்பம் காட்டியது.

தொழுநோய்

வலியின்மை உடலை என்ன செய்யும் என்பதை வேலூர் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை என்று நிறுவினார். உணர்வில்லாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. உணர்வில்லாத கால் முள்ளின் மேல் நாள் முழுவதும் நடக்கிறது. புண் மீது புண் ஏற்பட்டு விரல் குறைகிறது. இந்தத் தெளிவு வந்தபின் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும், உணர்விழந்த பாதத்தைக் காக்க நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்புகள் உருவாக்கப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு மருத்துவமனைகளில் எழுதித் தரப்படுவது அதன் வழிவந்ததே.

தொழுநோய்க் கிருமி நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் உயிரணுக்களுக்குள் குடியேறுகிறது. நரம்பு சிதைவதற்கு வீக்கமும் நோயெதிர்ப்பு வினைகளும் நேரடிக் காரணங்கள். லண்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் பிரவீண் ஆனந்தும் மும்பை மருத்துவர்கள் சிலரும் 1994இல் லான்செட் இதழில் இதனோடு இன்னொரு காரணத்தையும் சேர்த்தனர். தொழுநோயாளரின் பாதிக்கப்பட்ட தோலிலும் நரம்பிலும் என்.ஜி.எஃப். வெகுவாகக் குறைந்திருந்தது. நீரிழிவு நோயாளரின் தோலிலும் அது குறைவதை ஆனந்த் வேறொரு குழுவினருடன் சேர்ந்து 1996இல் வெளியிட்டார். காரணங்கள் வேறுவேறான இரு நோய்கள் ஒரே மாதிரியான புண்ணில் வந்து முடிவதற்கு இது ஒரு விளக்கமாக அமைந்தது.

இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீங்கியதாக 2005இல் அறிவிக்கப்பட்டது. புதிய நோயாளர்கள் இன்னும் கண்டறியப்பட்டு வருகிறார்கள். செங்கல்பட்டு திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்போதும் இயங்குகிறது. கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். போன உணர்வை அது திருப்பித் தராது.

நீரிழிவு நரம்புச் சிதைவு

நீண்ட நாள் உயர்ந்த இரத்தச் சர்க்கரை நரம்பைப் பல வழிகளில் கெடுக்கிறது. நரம்புக்கு உணவளிக்கும் நுண் இரத்தக் குழாய்கள் தடிக்கின்றன. சர்க்கரை வேறு பொருளாக மாறி அணுக்களுக்குள் தேங்குகிறது. தோல் சுரக்கும் என்.ஜி.எஃப். குறைகிறது, சுரந்ததும் இழை வழியே மேலே போய்ச் சேர்வது மெதுவாகிறது. விலங்குச் சோதனைகளில் இந்தப் பின்னோக்கிய போக்குவரத்து தளர்வது தெளிவாகக் காணப்பட்டது. நோயாளி இதை மருத்துவ மொழியில் சொல்வதில்லை. கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை, இரவில் உள்ளங்கால் எரிகிறது என்றுதான் சொல்வார். எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் ஒருங்கே இருப்பது பலரைக் குழப்பும். சிதையும் இழைகள் தாறுமாறாகச் செய்தி அனுப்புவது எரிச்சல். முற்றும் சிதைந்த இழைகள் மௌனமாவது மரப்பு. எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டால் நோய் குணமாகிறது என்று நினைப்பது ஆபத்தான தவறு.

வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் பரிவு நரம்புகளும் என்.ஜி.எஃப். புரதத்தைச் சார்ந்தவை. அவை தளரும்போது பாதம் உலர்ந்து பித்தவெடிப்பு உண்டாகிறது. வெடிப்பின் வழியே கிருமி நுழைகிறது. வலி இல்லாததால் நோயாளி நடந்துகொண்டே இருக்கிறார். விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலை வருவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

குறைந்ததை ஊசி மூலம் கொடுத்தால் என்ன? 1990களில் அமெரிக்க நிறுவனமான ஜெனன்டெக் மனித என்.ஜி.எஃப். புரதத்தை மரபணுப் பொறியியல் வழியே தயாரித்தது. 250 நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் நல்ல அறிகுறிகள் தென்பட்டன. அதைத் தொடர்ந்து 1019 நோயாளிகளிடம், வாரம் மூன்று ஊசி என்று 48 வாரங்களுக்குப் பெருஞ்சோதனை நடந்தது. முடிவு 2000இல் வெளியானது: போலி மருந்து பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்கள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடையவில்லை.

தோல்விக்குக் காரணங்களாகப் பல பேசப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்தத் துறை முழுவதற்கும் பொருந்துவது. என்.ஜி.எஃப். வலி நரம்புகளைக் கூர்மையாக்கும் புரதம் என்பதால், ஊசி போட்ட இடத்திலும் தசைகளிலும் அதுவே வலியை உண்டாக்கியது. ஆகவே மிகக் குறைந்த அளவே கொடுக்க முடிந்தது. அந்த அளவு காலின் கடைக்கோடி நரம்புக்குப் போதவில்லை. சிறிய சோதனையில், ஊசி வலியைக் கொண்டே தமக்குக் கிடைத்தது உண்மையான மருந்து என்று சிலர் ஊகித்திருக்கவும் கூடும். நம்பிக்கையே முன்னேற்றமாகப் பதிவாகியிருக்கலாம். மேலும் என்.ஜி.எஃப். உதவுவது நுண்ணிழைகளுக்கு மட்டுமே. அதிர்வையும் நிலையையும் உணரும் பருத்த இழைகள் வேறு காரணிகளைச் சார்ந்தவை. நீரிழிவு இரு வகையையும் கெடுக்கிறது.

மூளை நோய்கள்

ஆல்சைமர் நோயில் முதலில் சிதையும் அணுத்தொகுதிகளில் ஒன்று முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலினை உண்டாக்கும் இவ்வணுக்கள் வளர்ந்த பின்னும் என்.ஜி.எஃப். புரதத்தை நம்பியிருப்பவை. அப்புரதம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. 1990களில் சுவீடனில் மூன்று நோயாளிகளுக்கு மூளை அறைக்குள் குழாய் வழியே செலுத்திப் பார்த்தனர். முதுகு வலியும் எடை இழப்பும் ஏற்பட்டன, நினைவில் தெளிவான பயன் தெரியவில்லை. 2001இல் சான் டியேகோவில் மார்க் துசின்ஸ்கி குழுவினர் நோயாளியின் தோல் அணுக்களையே என்.ஜி.எஃப். சுரக்கும்படி மாற்றி மூளைக்குள் வைத்தனர். எட்டுப் பேரிடம் நடந்த அந்தச் சோதனை நம்பிக்கை தந்தது. அடுத்து, தீங்கற்ற வைரஸ் வழியே மரபணுவைச் செலுத்தும் சோதனை 49 பேரிடம் நடந்து 2018இல் பயனில்லை என்று முடிந்தது. இறந்தவர்களின் மூளைகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, செலுத்திய காரணி உரிய அணுக்களைச் சென்றடையவே இல்லை என்பது தெரிந்தது. கருத்து பிழையா, ஊசி முனை சற்றுத் தள்ளிப் போனது பிழையா என்ற கேள்வி அதனால் திறந்தே கிடக்கிறது.

பார்க்கின்சன் நோயில் ஜி.டி.என்.எஃப். கதையும் இதே வடிவினது. 1993இல் கண்டறியப்பட்ட அக்காரணி 2003இல் பிரிஸ்டல் நகரில் ஐந்து நோயாளிகளிடம் வியப்பூட்டும் பயனளித்தது. போலி மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை.

பி.டி.என்.எஃப். 1982இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகளை வலுப்படுத்தி நினைவாற்றலுக்கு உதவுவது அது. ஹண்டிங்டன் நோயில் அதன் உற்பத்தி குறைவது 2001இல் காட்டப்பட்டது. உடற்பயிற்சி மூளையில் பி.டி.என்.எஃப். அளவைக் கூட்டுவது எலிகளில் உறுதியாகத் தெரிந்த செய்தி. பனகல் பூங்காவில் காலை நடை போடும் முதியவருக்கு அதனால் எவ்வளவு நன்மை என்று அளந்து சொல்வது எளிதன்று. ஆனால் அதே நடை சர்க்கரையையும் குறைக்கிறது. உரிய செருப்பு அணிந்திருந்தால் நட்டம் ஏதுமில்லை.

மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்

சென்னையின் பெயரையே தாங்கிய நரம்பு நோய் ஒன்று உலக நூல்களில் உண்டு. இளம் வயதில் கைகால் தசைகள் மெலிந்து, முகமும் விழுங்கும் தசைகளும் தளர்ந்து, காது கேட்கும் திறனும் குறையும் ஒரு வகை இயக்க நரம்பணு நோயைச் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விவரித்தனர். பெரும்பாலான நோயாளிகள் தென்னிந்தியர். வழக்கமான இயக்க நரம்பணு நோயைவிட இது மெதுவாகவே முற்றுகிறது.

இயக்க நரம்பணுக்களும் வளர்ச்சிக் காரணிகளை நம்பியிருப்பவை என்பதால் 1990களில் மேலைநாடுகளில் வழக்கமான வகை நோய்க்கு அவை சோதிக்கப்பட்டன. பி.டி.என்.எஃப். ஊசி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு 1999இல் தோல்வி என அறிவிக்கப்பட்டது. தோலுக்கடியில் போட்ட புரதம் தண்டுவடத்தில் உள்ள அணுவை எட்டுவது கடினம் என்ற அதே தடைதான் இங்கும் எதிர்ப்பட்டது.

கண்ணில் கிட்டிய வெற்றி

இலக்கு கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்பதற்குக் கண் சான்று. கருவிழிப் படலத்தின் உணர்வு நரம்புகள் சிதைந்தால் அங்கே புண் ஆறாது. கண் சிமிட்டலும் கண்ணீரும் குறையும். அக்கிப் புடையும் நீரிழிவும் தொழுநோயும் இந்நிலைக்குக் காரணமாகலாம். மனித என்.ஜி.எஃப். கொண்ட செனெகெர்மின் என்னும் சொட்டு மருந்தை ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018இலும் ஏற்றன. நாளுக்கு ஆறு முறை, எட்டு வாரங்கள் விடவேண்டும். லெவி-மொந்தால்சினியின் நாட்டைச் சேர்ந்த தொம்பே நிறுவனமே இதைக் கொண்டுவந்தது. விலை மிக உயர்ந்தது என்பது இதன் பெருங்குறை.

எதிர்த் திசையிலும் முயற்சி நடந்தது. என்.ஜி.எஃப். வலியைக் கூட்டுமானால் அதை முடக்கினால் மூட்டு வலி தீருமல்லவா? டனெசுமாப் என்ற எதிர்ப்புரதம் முழங்கால் வலியை உண்மையிலேயே குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு விரைவாக அழிந்தது. சுவீடன் குடும்பத்தின் கதை மருந்துச் சீட்டில் திரும்பி வந்ததுபோல் ஆயிற்று. 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு 19க்கு 1 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தது. நிறுவனங்கள் முயற்சியைக் கைவிட்டன. நாய்களுக்கும் பூனைகளுக்கும் இதே வகை மருந்து இப்போது விற்பனையில் உள்ளது.

இன்றைய நிலை

மரத்துப்போன காலுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி கொண்ட ஏற்பளிக்கப்பட்ட மருந்து எதுவும் இந்தியாவில் இல்லை. மருந்துக் கடைகளில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கப்படுவது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின், அதாவது பி12 உயிர்ச்சத்தின் ஒரு வடிவம். அது வளர்ச்சிக் காரணி அன்று. எனினும் அதற்கு ஒரு முறையான இடம் உண்டு. பால், தயிர் தவிர வேறு விலங்குணவு உண்ணாதவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கும் பி12 குறைவு ஏற்பட்டு, நீரிழிவைப் போலவே கால் மரப்பை உண்டாக்கும். அந்தப் பங்கு சரிசெய்யக்கூடியது என்பதால் இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. பிரெகபாலின் போன்றவை எரிச்சலைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. என்.ஜி.எஃப். புரதத்தைத் தூண்டுவதாக இணையத்தில் விற்கப்படும் சிங்கப்பிடரிக் காளான் தூளுக்கு ஆதாரம் பெரும்பாலும் கண்ணாடித் தட்டிலும் எலியிலும் நடந்த சோதனைகளே. சுவர் விளம்பரங்களில் வரும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லுக்கும் இங்கே பேசப்படும் நரம்புச் சிதைவுக்கும் தொடர்பில்லை.

மருத்துவர் செய்யும் சோதனைகள் எளியவை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலின் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார். இசைக்கவையை அதிரவைத்துப் பெருவிரல் எலும்பின் மேல் வைப்பார். ஐந்து நிமிட வேலை. நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, விரலிடுக்கை ஈரமின்றித் துடைப்பது, வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது, செருப்பைப் போடுமுன் உள்ளே கல் இருக்கிறதா என்று கையால் தடவுவது ஆகியவை, இழந்த உணர்வின் வேலையைக் கண்ணும் கையும் ஏற்றுக்கொள்ளும் வழிகள். கோயிலுக்குள் செருப்பு கூடாது என்பதால், உணர்விழந்த பாதம் உடையவர்கள் வெயிலேறுமுன் காலையிலோ, கல் ஆறிய பின் மாலையிலோ செல்வதும், தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்வதும் பல நீரிழிவு மருத்துவர்கள் கூறும் அறிவுரை.